ஒரு பாட்டில் மழை

எங்கள் ஊரில் பருவம் தானாக வராது. அதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது, பருவகால அறிவிப்பு அலுவலகம். அதன் இயக்குநர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய பிறகுதான் மழைக்காலம் மழைக்காலமாகும், வறண்ட காலம் வறண்ட காலமாகும். அதற்கு முன்னால் வானத்திலிருந்து எது விழுந்தாலும் அது அங்கீகரிக்கப்படாத நீர். நனைந்தால் அவரவர் பொறுப்பு.

அந்த அலுவலகத்தில் என் அக்கா தற்காலிக மழைப் பார்வையாளர். மழைமானியைப் பார்த்து எவ்வளவு பெய்தது என்று சொல்ல வேண்டியது அவள் வேலை. நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோதும் அவள் தற்காலிகம்தான், நான் படிப்பு போதும் என்று வெளியே வந்தபோதும் தற்காலிகம்தான். நிரந்தர ஆணை எப்போதோ தட்டச்சாகி இயக்குநரின் மேசை இழுப்பறையில் தூங்கியது. ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. அவள் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. அதனால் அந்தக் கையெழுத்துக்காக அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு வேலை, ஏறும் கூடத்தில். பழைய கிடங்குதான். சுவரெல்லாம் பிளாஸ்டிக் பிடிகளை முடுக்கி வைத்திருப்போம். கயிறு கிடையாது. கையையும் காலையும் வைத்துக்கொண்டு ஏற வேண்டும், விழுந்தால் கீழே மெத்தை. இதற்கு போல்டரிங் என்று பெயர். பிடிகளைக் கழற்றி மாட்டுவதும் வாடகை ஷூக்களுக்குள் மருந்து அடிப்பதும் என் பொறுப்பு. ஊரில் யார் எவ்வளவு பெரிய ஆள் என்பதெல்லாம் அந்த ஷூக்களிடம் எடுபடாது. எல்லாம் ஒரே நாற்றம்.

வேறொரு துறை இயக்குநர் பாறையில் தொங்குகிற போட்டோவை எங்கள் இயக்குநர் எங்கேயோ பார்த்துவிட்டார். மறுநாளே கூடத்துக்கு வந்து, காலுக்குச் சேராத ஷூவை இழுத்து மாட்டிக்கொண்டு, முதல் பிடியில் தொங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார். அவ்வளவுதான். அலுவலகம் முழுக்க, கை வழுக்காமல் இருக்கப் பூசுகிற பவுடர் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதே மாதிரி இறுக்கமான ஷூவில் நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்தது. மனுக்கள் வெள்ளைக் கைரேகையோடு திரும்பி வந்தன. தலைமைக் கணக்கர் விரலுக்குப் பலம் சேர்ப்பதாகச் சொல்லி வாசல் நிலையில் தொங்கினார். எப்போது வெயில் வரும் என்று கேட்க வந்த செங்கல் சூளைக்காரர், கொஞ்சம் இறங்கி வழிவிடுங்கள் என்றிருக்கிறார். தொங்குகிற இந்த செட் முடியட்டும் என்று பதில் வந்திருக்கிறது.

பிறகு நிஜப் பாறைக்குப் பயணம் என்று கூட்டம் போட்டார்கள். என்னைத் தொழில்நுட்ப ஆலோசகராக அழைத்தார்கள். அதாவது, மெத்தை சுமக்க ஆள் வேண்டும்.

இயக்குநரின் மச்சான் ஜீப் என்றைக்குச் சும்மா நிற்கிறதோ அதுதான் தேதி. அதற்குப் பிறகு விடுதி, அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன். வானிலைப் பேச்சு கடைசியில் வந்தது, அதற்குள் டீயும் வந்துவிட்டது. மழை இன்னும் விடவில்லை என்று அக்கா மெதுவாகச் சொன்னாள். டம்ளர் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அதனால் நான் சத்தமாகச் சொன்னேன். அந்தப் பாறை தண்ணீர் குடிக்கிற ரகம், நனைந்தால் உள்ளே இளகிவிடும், பிடித்த இடம் கையோடு வந்துவிடும், நல்ல வெயிலில் காய்ந்த பிறகுதான் தொட வேண்டும் என்றேன்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார்.

"பாப்பா, போல்டரிங்குக்கு எந்தப் பருவம் நல்லது?"

"வறண்ட காலம்."

"வறண்ட காலத்தை யாரு அறிவிக்கிறது?"

"நீங்கதான்."

"அப்ப பிரச்சினை எங்க இருக்கு?"

எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. சொல்வதற்குள் அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்துவிட்டாள்.

அறிவிப்புக்கு ஒரு விதி உண்டு. மழை இல்லை என்று பார்வையாளர் சான்று தர வேண்டும். மழைமானி என்ன சொல்கிறது என்று இயக்குநர் அக்காவைக் கேட்டார். அது பூஜ்யம் என்றுதான் சொல்லும். மழையில் நனைந்தால் துருப்பிடிக்கும் என்று அதை இரும்பு பீரோவுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். மழைக்காலம் அறிவித்த பிறகு வெளியே எடுத்து, குழாய்த் தண்ணீரை அளவாக ஊற்றி, பதிவு செய்துவிட்டு, துடைத்து உள்ளே வைப்பார்கள்.

அன்றைக்கு வீட்டில் அக்காவோடு சண்டை போட்டேன்.

"வெளிய கொட்டுதுடி, உனக்குத் தெரியுதுல்ல?"

"அக்காவை டீ போட்டுப் பேசாத. மழைமானி பூஜ்யம். நான் மழைமானியைத்தான் பாக்கணும், ஜன்னலைப் பாக்கிறது என் வேலையில வராது."

அம்மா துணியைக் கொடியிலிருந்து எடுத்து வீட்டுக்குள் கட்டிய கயிற்றில் போட்டுக்கொண்டே, "முதல்ல வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் உண்மையெல்லாம் பேசிக்கலாம்" என்றாள்.

அக்கா சான்று தந்தாள். வறண்ட காலம் பிறந்தது. சாக்கடை அள்ளுகிற வேலையை நிறுத்தினார்கள். பேருந்து நிறுத்தத்துக் கூரைகளைப் பெயின்ட் அடிக்கக் கழற்றிக்கொண்டு போனார்கள். குடைக் கடைக்காரருக்கு, பருவத்துக்கு ஒவ்வாத பொருளை விற்று மக்களைக் கலவரப்படுத்தியதாக அபராதம். ஊரே திட்டியது, ஆனால் வீட்டுக்குள். வெளியே வந்ததும் குடையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நனைந்தது.

பயண நாளில் பாறை கன்னங்கரேலென்று ஊறிப்போய் நின்றது. கொட்டுகிற மழையில் இயக்குநர் வறண்ட காலத்தின் சிறப்பைப் பற்றிப் பேசினார். ஒருவரும் முகத்தைத் துடைக்கவில்லை. துடைத்தால் எதைத் துடைத்தீர்கள் என்று கேள்வி வரும். இடுப்புப் பையில் பவுடர் களியாகிவிட்டது. கணக்கர் அதைப் பிசைந்து பூசிக்கொண்டார்.

ஏறாதீர்கள் என்று நான் மறுபடியும் சொன்னேன். இயக்குநர் ஏறினார். மூன்றாவது பிடி அவர் கையோடு வந்தது. அந்தக் கல்லை விடாமல் பிடித்தபடியே கீழே வந்தார். மெத்தை தண்ணீரை உறிஞ்சி இறுகி, பாறைக்குப் போட்டியாக இருந்ததால் கணுக்கால் உடைந்தது.

விசாரணை வைக்காமல் இருப்பார்களா? கணக்கர்தான் விசாரணை அதிகாரி. அவர் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வறண்ட காலம் அறிவிக்கப்பட்டுவிட்டதால் மழை பெய்திருக்க முடியாது. இயக்குநர் இயக்குநராக இருப்பதால் தவறு செய்திருக்க முடியாது. ஆனால் பாறை ஈரம். ஆக, யாரோ தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள்.

தண்ணீர் பாட்டில் கொண்டுபோனது நான்.

"பாட்டில்ல இருந்த தண்ணி எங்க?"

"குடிச்சேன்."

"குடிச்சதுக்குச் சாட்சி?"

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போது மாவுக்கட்டுக் காலை நாற்காலிமேல் நீட்டியிருந்த இயக்குநர், இழுப்பறையைத் திறந்து அக்காவின் ஆணையை எடுத்து மேசைமேல் விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தன் வேலையில் வராத ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"நான்தான் கொட்டினேன்" என்றேன்.

"பாறை முழுக்கவா?"

"முழுக்க."

கணக்கருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வீடு நனைந்தது, துணி நனைந்தது என்று ஊருக்குள்ளிருந்து வந்து, பதிவாகாத புகார் மூட்டை வேறு அவர் காலடியில் கிடந்தது.

"ஊர்லயும் நீதானா?"

பேனா முனை தாளுக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"ஊர்லயும் நான்தான்."

பேனா இறங்கியது. அக்கா நிரந்தரமானாள்.

மறுநாள் காலையில் தையல்காரர் நனைந்த துணி மூட்டையோடு, நஷ்டஈடு கேட்டு வாசலில் நின்றார். அது மழை என்று அவருக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும், தானும் அதில்தான் நனைந்ததாகச் சொன்னார். ஆனால் மழை மீது புகாரை வாங்க மாட்டேன் என்கிறார்களாம், என் மீது என்றால் உடனே வாங்குகிறார்களாம். அடுத்து வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள் வந்தார்கள். எல்லோரையும் கத்தித் துரத்தினேன்.

பெயின்டர் மட்டும் தணிவாகப் பேசினார். நாளைக்கு வெளிச்சுவர் வேலை இருக்கிறது, நாளைக்கு ஒருநாள் கொட்டாமல் இரு என்றார். தொல்லை விட்டால் போதும் என்று சரி என்றேன். பாருங்கள், மறுநாள் பெய்யவில்லை. சாயங்காலம் அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நன்றி சொன்னார். பழம் நன்றாகவே இருந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் கூட்டம். கல்யாண வீட்டுக்காரர் வருகிறார், சூளைக்காரர் வருகிறார், நேற்று கணக்கரே வந்தார். வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கிறது. எல்லோரும் சொட்டச் சொட்ட நனைகிறார்கள். ஒருவரும் குடை விரிப்பதில்லை, வறண்ட காலமாயிற்றே.

இன்றைக்கு முதலில் நின்ற மெத்தைக் கடைக்காரர், "பாப்பா, என் மனுவைக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"பாப்பான்னு கூப்பிடாதீங்க," என்றேன். "மேடம்னு சொல்லுங்க. வரிசையில போய் நில்லுங்க."

போய் நின்றார்.