உரிய வழி

“‘விளையாட்டு’ங்கற வார்த்தை இருக்கற வரைக்கும் நான் ஒத்துக்க மாட்டேன்,” என்றார் கெவ்.

“அதை எடுத்தா நான் ஒத்துக்க மாட்டேன்,” என்றாள் ஊனா.

நெரிடா பாஸ்கோ பலகையிலிருந்த வாக்கியத்தை அழித்தாள். அழித்து அழித்துப் பலகையே சாம்பல் நிறமாகியிருந்தது.

மர்ராபின் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சித் துறைக்கு அவள் தலைவி. வெள்ளிக்கிழமை அங்கீகாரக் குழு வருகிறது. துறை முழுவதும் மனமொத்து ஏற்ற தொலைநோக்கு வாசகம் ஒன்று அவர்களுக்கு வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அது இல்லையென்றால் அங்கீகாரம் இல்லை. அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு போகிறவர்களைக் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் எந்தப் பள்ளியும் வகுப்பறைக்குள் விடாது.

“விளையாட்டுல என்ன தப்பு, கெவ்?” என்றாள் நெரிடா.

“பதினஞ்சு வயசுப் பசங்க விளையாடறதை நிறுத்தறதுக்குத்தான் நான் வாத்தியாருங்களையே தயார் பண்றேன்,” என்றார் கெவ். உயர்நிலைப் பள்ளிக் கணிதப் பிரிவு அவருடையது. ஊனாவுக்கு மழலையர் பிரிவு.

“சரி, ‘மகிழ்ச்சியோடு’ன்னு போட்டுக்கலாமா?”

“முக்கோணவியல்ல மகிழ்ச்சியா? பொய் சொல்லி அங்கீகாரம் வாங்கணுமா?”

“மகிழ்ச்சியே இல்லாம எப்படி வாத்தியாரா இருக்கறதுன்னு கெவ்கிட்ட தனியா ஒரு பாடம் வெச்சுக்கலாம்,” என்றாள் ஊனா.

கெவ் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

தொடக்கப் பள்ளிப் பிரிவின் பார்ப் அதுவரை இரண்டு பேருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். “எனக்கு எதுவானாலும் சரிதான்,” என்றாள். நெரிடாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

இடம் மாறினால் மனம் மாறும் என்று எண்ணி நெரிடா எல்லாரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். பிரிஸ்பேனிலிருந்து ஓர் ஒற்றுமை நிபுணர் வந்தார். அவர் கையில் சிவப்புக் கம்பளி நூல் உருண்டை. ஒருவர் தன் கனவைச் சொல்லி, நூலைப் பிடித்துக்கொண்டு, உருண்டையை அடுத்தவரிடம் வீச வேண்டும்.

“குழந்தைகளைப் பார்த்துச் சிரிக்கத் தெரிஞ்ச வாத்தியாருங்க,” என்று சொல்லி ஊனா கெவ்வின் மூக்குக்குக் குறிவைத்தாள்.

அதிலிருந்து தப்பப் பின்வாங்கிய கெவ்வின் காலில் நூல் சுற்றியது. அவர் பார்ப்பைப் பிடித்தார். பார்ப் சாப்பாட்டு மேசையைப் பிடித்தாள். தொத்திறைச்சி, தக்காளிச் சாறு, பார்ப் எல்லாம் மணலில் கிடந்தன.

மறுநாள் பார்ப் கையில் மாவுக்கட்டோடு வந்தாள்.

“எனக்கும் ஒரு வார்த்தை வேணும். ‘பாதுகாப்பு’. அது இல்லாத வாக்கியம் எனக்கு வேண்டாம்,” என்றாள்.

இரண்டாக இருந்த கட்சி மூன்றாயிற்று.

அதன்பிறகுதான் நெரிடா மூன்று பேரையும், ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி, தனித்தனியாகத் தன் அறைக்கு அழைத்தாள். ‘உரிய வழியில் உரியதைக் கற்பிக்க உரியவர்களை உருவாக்குவோம்.’ இதுதான் அவள் நீட்டிய வாக்கியம்.

“‘உரிய வழி’ன்னா விளையாட்டுதானே?” என்றாள் ஊனா.

“வேற என்ன? கெவ்வே இறங்கி வந்துட்டாரு.”

“‘உரியது’ன்னா கணக்குதானே?” என்றார் கெவ்.

“பின்னே? ஊனாவே விட்டுக்கொடுத்துட்டா.”

‘உரியவர்கள்’ என்றால் அடுத்தவர் கையை உடைக்காதவர்கள் என்று பார்ப் தானாகவே புரிந்துகொண்டாள்.

துறையில் சமாதானம் நிலவியது. கெவ் ஊனாவுக்குத் தேநீர்கூட எடுத்து வந்தார். தோற்றவளுக்குச் செய்யும் மரியாதை என்று அவர் நினைத்தார். ஊனாவும் அதையே திருப்பி நினைத்துக்கொண்டு குடித்தாள். அவர்கள் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் நெரிடா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை குழுத் தலைவி வாக்கியத்தை நிதானமாகப் படித்தார்.

“ரொம்ப நல்லா இருக்கு. இதுல ‘உரிய, உரிய’ன்னு வருதே, அப்படின்னா என்ன?”

“விளையாட்டு,” என்றாள் ஊனா.

“கணக்கு,” என்றார் கெவ்.

“பாதுகாப்பு,” என்றாள் பார்ப்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு நெரிடாவைப் பார்த்தார்கள்.

“இவ விட்டுக்கொடுத்துட்டான்னு நீதானே சொன்னே?” என்றார் கெவ்.

“நானா? நீங்க இறங்கி வந்துட்டதாத்தானே இவ சொன்னா?” என்றாள் ஊனா.

மேசை அதிர்ந்தது. தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. குழுவினர் பேனாவை மூடி வைத்தார்கள். நெரிடாவின் காது சிவந்துவிட்டது.

“சொன்னேன். ரெண்டும் பொய்தான். எனக்கு வேற வழி தெரியல,” என்றாள். பிறகு, மூழ்குகிறவள் கையை நீட்டுவதுபோல, “எங்களை விடுங்க. பசங்களைக் கேளுங்க. நாங்க எவ்வளவு அடிச்சுக்கிட்டாலும் அவங்க ஒத்துமையாத்தான் இருக்காங்க,” என்றாள்.

வராந்தாவில் காத்திருந்த கடைசி வருட மாணவி ஷெல்பியை உள்ளே கூப்பிட்டார்கள்.

“உங்க வகுப்புல எல்லாருக்கும் பொதுவா ஒரு நோக்கம் இருக்கா?” என்று கேட்டார் குழுத் தலைவி.

“இருக்கே.”

நெரிடாவுக்கு மூச்சு வந்தது.

“எல்லாரும் மனசார ஒத்துக்கிட்டதா?”

“ஆமா. ஒருத்தர்கூட மறுத்துப் பேசல.”

கெவ்வும் ஊனாவும் வெட்கப்பட்டுத் தலை குனிந்தார்கள். குழுத் தலைவி பேனாவை மறுபடி திறந்தார்.

“எங்களுக்கும் சொல்லேன், என்ன அது?”

“இங்க போடற சத்தமெல்லாம் வராந்தாவுல நல்லாக் கேக்கும்,” என்றாள் ஷெல்பி. “அதனால போன வாரமே வகுப்பு மொத்தமும் நிலக்கரிச் சுரங்கத்துல லாரி ஓட்டற வேலைக்கு மனு போட்டுட்டோம்.”