மச்சத்துக்கு உள்ளி கட்டிய கதை

என் நாடியில் (முகவாயில்தான்) ஒரு மச்சம் இருக்கிறது. அதில் மூன்று முடிகளும் இருக்கின்றன. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என்னை முதன்முதலாகச் சந்திப்பவர்கள் என் கண்ணைப் பார்த்துக் கதைக்க அவ்வளவு பாடுபடுகிறார்கள். பாவம், அவர்கள். பார்க்கலாம், தடையில்லை. உளுந்து அளவு இருக்கும் (அக்காவைக் கேட்டால் கௌப்பிப் பயறு அளவு என்பாள்).

நான் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இதையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். அப்போதுதான் என் முட்டாள்தனத்தின் முழு அளவு விளங்கும்.

எனக்கு இருபத்தேழு வயதில் கனகராயன்குளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சுதன், உழவு இயந்திரம் திருத்துபவர். தாயில்லாத அவரை வளர்த்த மாமி, வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தார். கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பிள்ளை வடிவுதான். எழுத்துக்கு முதல் அந்த மச்சத்தை மட்டும் எடுத்துவிட்டியள் எண்டா இன்னும் வடிவாயிருக்கும்."

எழுத்து என்றால் திருமணப் பதிவு. அதற்கு இன்னும் பத்து நாட்கள்தான் இருந்தன. இன்றைய நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மாமிக்கு நல்ல பதில் ஒன்று சொல்லியிருப்பேன். அன்றைய நானோ, "ஓம் மாமி" என்றேன். அதுவும் சிரித்துக்கொண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தோன்றவில்லை. போனைத் தட்டினேன். பளபளவென்ற முகத்தோடு ஒரு பெண், உள்ளியை (பூண்டைத்தான்) அரைத்து மச்சத்தின் மேல் வைத்து, பிளாஸ்டர் ஒட்டி இரண்டு நாள் விட்டால் மச்சம் தானாக விழுந்துவிடும் என்றாள். அவளுடைய முகத்தில் மச்சமே இல்லை. அதை ஆதாரமாக எடுத்துக்கொண்ட விஞ்ஞான ஆசிரியை நான்.

நல்லநாள், கெட்டநாள் என்று யோசித்து யோசித்துக் கடைசியில் எழுத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, வியாழக்கிழமை காலையில்தான் துணிந்தேன். அக்கா குசினியில் உள்ளி அரைத்துத் தந்தாள்.

"எரிஞ்சா உடனே கழட்டிப்போடு" என்றாள்.

எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நானே ஒரு விதியைக் கண்டுபிடித்து, கழற்றாமல் விட்டேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் பின்வரிசை வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி எழும்பினாள். "ரீச்சர், ஆரோ சாப்பாட்டுக்கு உள்ளி கொண்டுவந்திருக்கினம். சரியா மணக்குது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? முப்பத்திரண்டு பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிகளையும் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக முகர்ந்து விசாரணை நடத்தினேன். நான் போகும் இடமெல்லாம் மணமும் கூடவே வந்தது. கடைசியில் சம்பலும் பருப்பும் கொண்டுவந்த ஒரு அப்பாவியைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். (அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மன்னிப்புக் கேட்டாயிற்று.)

சனிக்கிழமை காலை பிளாஸ்டரைக் கழற்றினேன். மச்சத்தைச் சுற்றி ஒரு ரூபாய்க் குற்றிக் காசு அளவுக்குத் தோல் வெந்து, கொப்புளம் போட்டு, நாடி கத்தரிக்காயாக வீங்கியிருந்தது. நடுவில் மச்சம் அப்படியே இருந்தது. மூன்று முடிகளும் இருந்தன. ஒன்றுகூட வளையவில்லை.

அக்கா என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்த பெண் டொக்டர் ஒரு பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார்.

"ஆர் உள்ளி கட்டச் சொன்னது?"

"போன்" என்றேன்.

"என்ன வேலை செய்யிறியள்?"

"விஞ்ஞான ரீச்சர்" என்று அக்கா முந்திக்கொண்டு சொன்னாள். இவளெல்லாம் ஒரு உடன்பிறப்பு.

டொக்டர் சிரிக்கவில்லை. புண்ணைக் கழுவி மருந்து பூசிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "இது சாதாரண மச்சம். முடி முளைக்கிறது கெட்ட குணம் இல்லை, மச்சத்துக்குக் கீழ முடி வேர் இருக்கு, அவ்வளவுதான். நிறம் மாறினால், ஓரம் கோணலாப் போனால், கெதியாப் பெருத்தால், சும்மா ரத்தம் கசிஞ்சால் உடனே வந்து காட்டோணும். எடுக்கிறதெண்டால் விறைக்க ஊசி போட்டு வெட்டித் தையல் போடலாம். வெட்டின துண்டைச் சோதிக்க அனுப்புவம். சின்னத் தழும்பு ஒண்டு நிக்கும். மேலால சீவியும் எடுக்கலாம், ஆனால் முடி திரும்பவும் வரக்கூடும். முடி மட்டும்தான் கரைச்சல் எண்டால் சின்னக் கத்தரிக்கோலால கத்தரிச்சுவிடுங்கோ. புண் ஆறினாப் பிறகு சொல்லுங்கோ, உங்களுக்கு எடுக்க விருப்பமோ?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு விருப்பம்."

"அது அவையின்ர நாடியோ?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். இருபத்தேழு வருடமாக இந்த மச்சத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார்கள். ராசி என்றார்கள், தரித்திரம் என்றார்கள், அசிங்கம் என்றார்கள். எனக்கு விருப்பமா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவர் கேட்டிருக்கிறார். வீடு வந்து சேர்வதற்குள் என் நாடியைவிடப் பெரிதாக எனக்குக் கோபம் வீங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அலங்கரிக்க வந்த பெண் மச்சத்தை மறைக்க முகப்பூச்சை எடுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். வேண்டாம் என்றேன். அப்படியே போய்ப் பதிவாளருக்கு முன்னால் இருந்தேன். மாமி என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்ன பிள்ளை, எடுக்கச் சொன்னால் பெருப்பிச்சுக்கொண்டு வந்திருக்கிறியள்?"

"மாமி, இது எடுபடாது. எடுக்க எனக்கு விருப்பமும் இல்லை. இது வேண்டாமெண்டால் நானும் வேண்டாம். இப்பவே சொல்லுங்கோ, எழும்பிப் போறன்."

ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அப்பா கூரையைப் பார்த்தார். பதிவாளர் தன் பேனையைப் பார்த்தார். சுதன் என் நாடியை நன்றாக உற்றுப் பார்த்தார்.

"உது சரியா நோகுதோ?" என்றார்.

"ஓம்."

"அப்ப கெதியா எழுதுவம். மருந்து பூசோணும், எனக்குப் பசிக்கவும் தொடங்கிட்டுது." பேனையை வாங்கி முதல் கையெழுத்தை அவரே போட்டார்.

கலியாணப் படங்களை அல்பமாக அடுக்கிய ஸ்டூடியோத் தம்பி, படத்தில் என் நாடியைக் காட்டி, "கம்பியூட்டரில அழிச்சுவிடட்டோ அக்கா?" என்று கேட்டான். அழித்தால் அல்பமே வேண்டாம் என்றேன். ஆகவே எல்லாப் படத்திலும் கத்தரிக்காய் நாடியோடு நான் கம்பீரமாக நிற்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கம் மீன், இறைச்சிக்கும் மச்சம் என்றுதான் பெயர். வெள்ளியில் அதெல்லாம் சமைப்பதில்லை. "இண்டைக்கு வீட்டில மச்சம் இல்லைத்தானே?" என்று மாமி கேட்டார். சுதன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒண்டு இருக்கு மாமி. அதை வெளியில வைக்கேலாது" என்றார். மாமி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறியது.

இப்போது மாமி எங்கள் வாசலுக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். போன மாதம் எங்கள் நாலு வயது மகள் முன்பள்ளியில் சரஸ்வதி பூசைக்கு எல்லோரும் சைவமாக வரவேண்டும் என்று ரீச்சர் சொன்னபோது எழும்பி நின்று, "எங்கட வீட்டில பூசைக்கும் மச்சம், அம்மா அதைக் கழட்டமாட்டா" என்று அறிவித்திருக்கிறாள். ரீச்சர் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். நான் நாடியை நிமிர்த்திக் காட்டினேன்.