தாடி போன வெள்ளிக்கிழமையும் ஒரு டின் பென்சினும்

ஷமாக்கியில் இருக்கும் மூத்த அண்ணன் நஜஃப்குலி அவர்களுக்கு, பாக்குவிலிருந்து தம்பி ஆகாசலீம் சலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத மனம் வரவில்லை. என் இரண்டு கையிலும் கட்டு. நான் சொல்லச் சொல்ல மகள் புல்லூரா எழுதுகிறாள்.

அண்ணா, நீங்கள் பேசி முடித்த மாப்பிள்ளை காலிக், அதுதான் எண்ணெய் காய்ச்சும் ஆலையில் வேலை செய்கிறவன், போன வெள்ளிக்கிழமை வந்தான். மிட்டாய் கொண்டுவருவான் என்று பார்த்தால் ஒரு டின் பென்சின். "கல்யாணக் கம்பளத்துல கறை போகும் மாமா" என்றான். பூமி எண்ணெயைக் காய்ச்சினால் முதலில் ஆவியாகி வருவது இதுதானாம். அப்புறம்தான் விளக்குக்கு மண்ணெண்ணெய். அடியில் தங்குவது கறுப்புக் குழம்பு. முதலில் வருவதை வாங்க ஆளில்லாமல் குழியில் ஊற்றிக் கொளுத்துகிறார்களாம். கொளுத்துகிற சாமானை எவனாவது பெண் வீட்டுக்குத் தூக்கி வருவானா? நம் அப்பா பாலாகானியில் கையால் கிணறு தோண்டி, தோல்பையில் எண்ணெய் இறைத்து, ஒட்டகச் சொறிக்கு மருந்தாக விற்றார். ஒரு ஒட்டகமாவது வெடித்ததா?

கறை போனது உண்மை, மறைக்கவில்லை. கம்பளம் அறைக்குள் காய்ந்துகொண்டிருந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்து ஹுக்காவுக்கு ஒரு கங்கு எடுத்தேன், அவ்வளவுதான். புஸ்ஸென்று ஒரு சத்தம். தாடி, புருவம், திரைச்சீலை எல்லாம் போச்சு, இரண்டு கையும் வெந்துபோச்சு. என் மனைவி தூகஸ்பான் ஓடி வந்து, "ஐயோ, யாருங்க நீங்க?" என்று என்னையே கேட்கிறாள்! முற்றத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைதான் மண்ணை வாரிக் கொட்டி அணைத்தான்.

"நான் கம்பளத்துப் பக்கமே போகலையேடா!"

"நீங்க போகல மாமா. அந்த ஆவி காத்தைவிடக் கனம். தரையோட ஊர்ந்து உங்களைத் தேடி வந்திருக்கு."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடா கேடு?" என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு கம்பளத்து மண்ணைக் கூட்டி அள்ள ஆரம்பித்தான்.

ஒரு டின்னுக்கே இந்தப் பாடு அண்ணா. இவன் தினமும் அண்டா அண்டாவாகக் காய்ச்சுகிறானே, என் பொண்ணு கதி என்ன? கடிதம் கிடைத்ததும் அங்கே அவன் அப்பாவைப் பார்த்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இதை எழுதும்போது புல்லூரா கண்ணைத் துடைக்கிறாள்; ஆலைப் புகை என்கிறாள்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சலாம். உங்கள் வீட்டு நெருப்பை இறைவன் அடுப்போடு நிறுத்தி வைக்கட்டும்.

தம்பி ஆகாசலீம்

பின்குறிப்பு: பெரியப்பா, இது அப்பா சொல்லாதது, புல்லூரா எழுதுகிறேன். அப்பாவின் கண்ணாடி அன்றைக்கே உடைந்துவிட்டதால் அவரால் இதைப் படிக்க முடியாது. "வெட்டவெளியில காய வை, பக்கத்துல நெருப்பே கூடாது" என்று காலிக் என்னிடம் சொல்லித்தான் டின்னைக் கொடுத்தார். வெளியே ஆலைக் கரி விழுகிறதே என்று நான்தான் அறைக்குள் விரித்து, சன்னலையும் சாத்தினேன். அப்பா அத்தனை திட்டியும் அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கட்டினால் அவரைத்தான் கட்டிக்கொள்வேன். அவங்க வீட்டுக்குப் போயிடாதீங்க பெரியப்பா. நேரா கல்யாணத்துக்கு வந்துடுங்க. அப்பா முகத்தை மூடிக்க ஒரு நல்ல சால்வையும் கொண்டு வாங்க.