சோப்பு, ரயில், கெட்டது

வெளம்பரம் அண்ணனைப் போல ஒரு ரசிகர் இந்தத் தொலைக்காட்சிக்கு இதற்கு முன்பும் கிடைத்ததில்லை, இனியும் கிடைக்கப் போவதில்லை. ஊரே படம் பார்க்க டி.வி. முன்னால் உட்காரும். அவர் விளம்பரம் பார்க்க உட்காருவார். படம் தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விடுவார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் எங்கள் லைன் வீடு. எட்டு போர்ஷன், ஒரு குழாய், ஒரு டி.வி. அந்த டி.வி. ஓனரம்மா வீட்டுக் கூடத்தில் இருந்தது. இரும்பு உருக்கும் ஆலைகளின் வெளிச்சத்தில் எங்கள் வானம் பொழுது சாய்ந்த பிறகும் செங்காயாகவே இருக்கும், கனியாது. வெள்ளைத் துணியைக் காயப் போட்டால் காவித் துணியாக எடுக்கலாம். சன்னியாசம் வாங்க எங்களுக்குத் தனியாகச் செலவில்லை.

கல்யாணமான கையோடு அந்த லைனுக்கு வந்தேன். எனக்கு இருபத்தொன்று. ஒரு போல்ட்டு கம்பெனியில் பேக்கிங் வேலை. அண்ணன் அடுத்த போர்ஷன். ரோலிங் மில்லில் கிரேன் ஆபரேட்டர். அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்று வரை தெரியாது. ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரப் படத்தில் விளம்பரம் வந்ததும் ஏழு குடும்பம் வாசலை நோக்கி ஓடும். ஒருத்திக்கு உலையில் அரிசி, ஒருத்திக்குப் பால், ஒருத்திக்கு இடுப்பில் நெளியும் குழந்தை. அதே வாசல் வழியாக அண்ணன் மட்டும் உள்ளே ஓடி வருவார். ஆலையில் ஷிஃப்ட் மாறுகிற மாதிரி படியில் இடித்துக்கொள்வோம். வெளியே பீடி பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு ஆள் விட வேண்டுமே! அந்த உத்தியோகம் எனக்கு. கதவோரம் உட்கார்ந்திருப்பேன். முதல் விளம்பரத்தின் முதல் இசை விழுந்ததும் கத்துவேன்: “அண்ணே, போட்டுட்டான்!”

பாதி பீடி வாசலில் விழும். அண்ணன் முன்வரிசையில் இருப்பார்.

“இன்னாய்யா நீ? கிளைமாக்ஸ் ஓடுது, எழுந்து போற?” என்று ஓனரம்மா ஒருநாள் கேட்டே விட்டார்.

“போம்மா. ஆறு மணியிலேர்ந்து அழுதுகினே கீறாங்க. வெளம்பரத்துல பாரு. ஒருத்தனுக்குத் தலவலி வருது. தடவறான். முப்பது செகண்டு. போச்சு! சிரிக்கிறான். உன் ஹீரோ மூணு மணி நேரமா இன்னா பண்ணிக்கினு கீறான்?”

ஓனரம்மா ஹீரோ பக்கமே திரும்பிக்கொண்டார். இப்போது யோசித்தால் அண்ணன் கேட்டது நியாயமாகத்தான் படுகிறது.

அவர் விளம்பரத்தைப் பார்த்தார் என்பது கூடச் சரியில்லை. நம்பினார். பிள்ளைகள் வாத்தியாரை நம்புகிற மாதிரி நம்பினார். அருவியில் ஒரு பெண் நீலச் சோப்பு போட்டுக் குளிப்பாள், அவள் தோளில் பட்டாம்பூச்சி வந்து உட்காரும். அண்ணன் அந்தச் சோப்பை வாங்கி எட்டு போர்ஷனுக்கும் பொதுவான அந்தக் குழாயடியில் குளித்துவிட்டு, தோளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கொசுதான் வந்தது. “தொடக்கத்துல கொசு வரும், போகப் போகப் பட்டாம்பூச்சி வரும்” என்றார்.

ஒரு துணிசோப்புத் தூள் வந்தது. எந்தக் கறையும் போகும் என்றாள் டி.வி.யில் ஒரு புன்னகைக்காரி. அண்ணன் மில் சட்டையை எடுத்துவந்து லைனே கூடி நிற்க ஊறப் போட்டார். நான்கு ஷிஃப்ட் கிரீஸும் துருவும் சேர்ந்த சட்டை அது. கசக்கினார், அலசினார், பிழிந்தார். கறை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

“சோப்பு மேல தப்பு இல்ல. சட்டை சரியில்ல,” என்றார்.

அவர் மனைவி ரூபி அக்கா இடுப்பில் கை வைத்தாள். “அந்தச் சிரிப்புக்காரிய வரச் சொல்லுய்யா. ஒரு நாளு உன் சட்டையத் தொவைக்கட்டும். அப்பால சிரிக்கிறாளான்னு பாக்கலாம்.”

ரூபி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பேசாமல் நான் பார்த்ததில்லை. மீன்காரியிடம் பேசுவாள், குழாயிடம் பேசுவாள், வேகாத துவரம்பருப்பிடம் பேசுவாள். சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போதும் அவளுடைய ஜெபம் மட்டும் சத்தமாக, முகவரியோடு போகும்.

புது ஃபேன் வாங்கிய நாளில் அண்ணன் அவளைக் கட்டிலில் உட்கார வைத்தார். விளம்பரத்தில் அப்படித்தான் வரும். காற்றில் திரைச்சீலை ஆடும், குடும்பமே சிரிக்கும்.

“சிரி ரூபி. ஃபேன் ஓடுது இல்ல?”

“இருய்யா, வேர்வை அடங்கட்டும், சிரிக்கிறேன். திரைச்சீலை வேற இல்ல. என் முந்தானைய ஆட்டிக்கினு உக்காரவா?”

இதெல்லாம் பொறுக்கலாம். பிறகு அவர் பர்மா பஜாரிலிருந்து ஒரு டேப்ரிக்கார்டர் வாங்கிவந்தார். அன்றோடு லைனில் நிம்மதி போயிற்று.

விளம்பரங்களைப் பதிவு செய்கிறாராம். வயர் மாட்டுகிற வேலை எல்லாம் கிடையாது. ஸ்டூல் மேல் ரிக்கார்டரை வைத்து, டி.வி.யின் வாய்க்கு நேராகப் பிடித்து, சிவப்புப் பொத்தானை அமுக்குவார். அந்த முப்பது நொடி யாரும் மூச்சு விடக் கூடாது. வாயால் சொன்னால் அதுவும் பதிவாகிவிடும் என்பதால் கையால் ஆணையிடுவார். ஆலையில் கிரேனுக்குக் கீழே நிற்கிறவன் முஷ்டியை மடக்கி உயர்த்தினால் மேலே எல்லாம் அப்படியே நிற்க வேண்டும். இங்கே அண்ணன் முஷ்டியை உயர்த்துவார். பத்து டன் இரும்பு நிற்கும் அந்த முஷ்டிக்கு. குக்கர் நிற்கவில்லை. குழந்தைகள் நிற்கவில்லை. சூலூர்பேட்டை ரயில் நிற்கவே இல்லை.

சோப்பு விளம்பரத்துக்கும் அந்த ரயிலுக்கும் அப்படி ஒரு பொருத்தம். அருவி கொட்டத் தொடங்கும்போது சரியாக ரயில் ஊதும். ஒரு வாரம் ரயில் தாமதமாக வந்தது, விளம்பரமும் தாமதமாக வந்தது. “ரெண்டு பேரும் பேசி வச்சிக்கினு என்னியப் பேஜாரு பண்றாங்க” என்று அண்ணன் தலையில் கை வைத்தார்.

ரயிலுக்கு அடுத்த எதிரி ரூபி அக்கா. அவளுக்கு விளம்பர நேரம் என்றால் சோறு போடும் நேரம். வாசலிலிருந்து குரல் வரும். “யோவ், சோறு ஆறுது! வரியா, நாய்க்குப் போடவா?”

முஷ்டி உயரும். பயனில்லை. “இன்னாத்துக்குக் கைய காட்ற? நான் இன்னா உன் கிரேனா?”

பொத்தானை அணைக்கக்கூட மறந்து அண்ணன் அலறுவார்: “கெடுத்துட்டியேடி! முப்பது செகண்டு உன்னால வாய மூட முடியாதா?”

ஆனால் பதிவை அழிக்க மாட்டார். அதுதான் அவர். கேசட் அட்டையில் பொறுப்பாக எழுதி வைப்பார், குற்றப்பத்திரிகை மாதிரி. ‘சோப்பு, ரயில், கெட்டது.’ ‘பல்பொடி, ஓனரம்மா தும்மல், கெட்டது.’ ‘ஃபேன், ரூபி, கெட்டது.’ ‘தைலம், ரூபி, ரூபி, கெட்டது.’ இருபது கேசட்டுக்கு மேல் சேர்ந்தன. சுத்தமான பதிவு ஒன்று கூட இல்லை. லைனில் பெயர் ஏறாதவள் நான் ஒருத்திதான். கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். “வசந்திதான் தங்கம்” என்பார். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

பிறகு வாழ்க்கை சேனல் மாற்றியது. லைன் வீட்டை இடித்தார்கள். அந்த இடத்தில் இன்று காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நான் திருவள்ளூருக்கு வந்தேன், எழுதத் தொடங்கினேன். அண்ணனும் அக்காவும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு அறை வீட்டுக்குப் போனார்கள். எதிரிக்கு இன்னும் பக்கத்தில்.

ரூபி அக்கா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வயிற்றுவலி என்றாள். முப்பது நொடியில் சரியாகிற வலியாக அது இல்லை. அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் ஃபாதர் ஜெபம் சொல்லும்போது அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போன மழைக்குப் பிறகு ஒரு நாள் காலையில் போன் வந்தது.

“எம்மா வசந்தி, உன் போன்ல பழைய வெளம்பரம்லாம் வருமாமே? எல்லாமே கீதுன்றாங்களே? கொஞ்சம் வந்துட்டுப் போறியா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. மனுஷன் எழுபது வயதிலும் திருந்தவில்லை. ஊத்துக்கோட்டை வழியாக இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கினேன்.

வாசல் கொடியில் பழுப்பு நிறத்தில் என்னவோ சேமியா மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் கேசட் டேப். மழைத் தண்ணீர் கட்டிலுக்குக் கீழே புகுந்து, டிரங்குப் பெட்டியோடு எல்லாம் ஊறிப் போயிருக்கிறது. டேப்பை உருவி, துணி மாதிரி அலசி, கிளிப் போட்டுக் காயப் போட்டிருக்கிறார்.

“நாஷ்டா துன்னியா?” என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல், “சோப்பு வெளம்பரம் போடு” என்றார்.

தேடிப் போட்டேன். கிடைத்துவிட்டது. அதே அருவி, அதே பெண், அதே பட்டாம்பூச்சி. கண்ணாடி மாதிரி சத்தம். யாரோ புண்ணியவான் பாதுகாத்து ஏற்றியிருக்கிறார். அண்ணன் காதைக் கிட்ட வைத்துக் கடைசி வரை கேட்டார்.

“நல்லா கீது. சுத்தமா கீது. ஆனா இது இல்லியே.”

“இதேதான் அண்ணே!”

“ரயிலு எங்க?”

“எந்த ரயில் அண்ணே?”

“அருவி கொட்றப்போ ரயிலு வரும் இல்ல? அது வரல. சரி, ஃபேனு போடு.” போட்டேன். திரைச்சீலை ஆடியது, குடும்பம் சிரித்தது, விளம்பரம் முடிந்தது. அண்ணன் இன்னும் காத்திருந்தார். “முடிஞ்சிடுச்சா? சோறு ஆறுதுன்னு வரலியே. எல்லாமே கீதுன்னாங்களே!”

முப்பது வருஷமாக அந்தக் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு, ரயிலும் தும்மலும் ரூபி அக்காவும் சேர்ந்ததுதான் விளம்பரம் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. சிரிக்க வாயெடுத்தவள் சுவரைப் பார்த்து அடங்கினேன். மாலை போட்ட படத்தில் ரூபி அக்கா.

“போட்டோ கீது,” என்றார் அண்ணன். “நெறய கீது. எல்லாத்துலயும் கம்முனு கீறா. அது ரூபியே இல்லம்மா. பேசாத ரூபிய வச்சிகினு நான் இன்னா பண்ண?”

அக்காவின் குரல் வேறு எங்கும் இல்லை. சாதா போன் வைத்திருந்த மனுஷி. கேசட்டில் மட்டும்தான் இருந்தாள். மழை அட்டைகளின் மையை எல்லாம் கரைத்துவிட்டது. எது ரூபி, எது ரயில், எது ஓனரம்மா, ஒன்றும் தெரியவில்லை. காய்ந்தவற்றில் ஆறோ ஏழோ திரும்பச் சுற்றிப் போட்டுப் பார்த்தாராம். சில அறுந்தன. சில வெறுமனே இரைந்தன.

மிச்சம் நான்கு. நான் புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பென்சிலை நுழைத்துச் சுற்றினேன். பரண் மேல் இருந்ததால் ரிக்கார்டர் தப்பியிருந்தது.

முதல் கேசட் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசியது. இரண்டாவதில் ஓனரம்மா அட்டகாசமாகத் தும்மினார். மூன்றாவது சிக்கிக்கொண்டது. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நான்காவதில் அருவி கொட்டியது. பெண் பாடினாள். பட்டாம்பூச்சி வருகிற இடத்தில், ஈரத்தில் கொஞ்சம் தடித்துப்போய், ஆனால் சந்தேகத்துக்கே இடமில்லாமல், ஒரு குரல்:

“யோவ், சோறு ஆறுது! வரியா, நாய்க்குப் போடவா?”

“வரேன் ரூபி,” என்றார் அண்ணன்.

கேசட்டுக்குள் இருந்த இளவயசு அண்ணன் “கெடுத்துட்டியேடி!” என்று அலறினார். வெளியே இருந்தவர் அந்த ஆளை முறைத்தார்.

“அண்ணே, அறுந்துபோறதுக்குள்ள இதை என் போன்ல பதிவு பண்ணிடலாம்,” என்றேன். அவர் உடனே பழைய ஆளாகிவிட்டார். ஸ்டூலை இழுத்தார். போனை ரிக்கார்டரின் வாய்க்கு நேராக வைத்தார். ஃபேனை நிறுத்தினார். கதவைச் சாத்தினார். முஷ்டியை உயர்த்தினார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அருவி வந்தது. பெண் வந்தாள். அக்கா வந்தாள். சோறு ஆறியது.

தங்கம் என்று பெயர் வாங்கினவள்தான் நான். அந்த இடத்தில் என்னால் முடியவில்லை. விம்மல் ஒன்று வெடித்து வந்தது, மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தோடு, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. அதுவும் போதாதென்று ரயில் ஊதிக்கொண்டு போனது.

முஷ்டி மெல்ல இறங்கியது.

“கெடுத்துட்டியே வசந்தி!”

“இன்னொரு தரம் போடலாம் அண்ணே. ரீவைண்ட் பண்றேன்.”

“வாணாம். இருக்கட்டும்.” ஒரு புது அட்டையும் பேனாவும் தேடி எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதி என்னிடம் நீட்டினார்.

‘சோப்பு, ரூபி, வசந்தி, ரயில், கெட்டது.’

எத்தனையோ பேர் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு நல்லதாக யாரும் எழுதியதில்லை.