பொன்னுரங்கத்தின் பெயரில் ஒரு நிலா

மாடம்பாக்கம் ஏகநாதன், தாம்பரத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியர். ஒன்பதாம் வகுப்பில் பத்துப் பேரையாவது கவிஞர்களாக்காமல் ஓய்வதில்லை என்று 1988 ஜூலையில் சபதம் செய்தார். காரணம், தலைமையாசிரியர் வேதசிரோமணி. மாணவர்களின் கவிதைகளோடு ஒரு கையெழுத்துப் பத்திரிகை திங்கட்கிழமைக்குள் வராவிட்டால், தமிழ் மன்றத்தைக் கணக்கு வாத்தியாரிடம் ஒப்படைத்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஏகநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஒன்பது பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். பத்தாமவன் பொன்னுரங்கத்துக்குக் காய்ச்சல். அசை, சீர், தளை என்று ஆரம்பித்தார். தளை வருவதற்குள் நாலு தலை சாய்ந்துவிட்டது.

“கவிதையால இன்னா சார் பிரயோஜனம்?” என்று கேட்டான் சின்னப்பன்.

அவர் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, மனைவி தையல்நாயகி கேனை நீட்டினாள். ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறதாம்.

வரிசையில் இரண்டு மணி நேரம் போயிற்று. திரும்பி வந்தால், பையன்கள் மோர் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். ஏதாவது எழுதினார்களா என்று கேட்டதற்கு, ஏதோ கிறுக்கினார்கள் என்றாள்.

அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, பத்துப் பையன்கள் பேரிலும் தாமே பத்துக் கவிதை எழுதினார். பத்திலும் நிலா. கையெழுத்து ஒன்றுபோல் இருக்கக்கூடாதென்று நாலைந்தை இடக்கையால் எழுதினார். தையல்நாயகி படித்துப் பார்த்தாள். அட்டை போட்டுத் தைத்துத் தருவதாக வாங்கிக்கொண்டாள். இப்படியொரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று அவர் பூரித்துப்போனார்.

திங்கட்கிழமை வேதசிரோமணி முதல் பக்கத்தைப் பிரித்து உரக்கப் படித்தார்.

“பின்னாடியே ஓடினேன்.
பெருங்களத்தூர் பஸ் நிக்கலை.
என் செருப்புதான் நின்னுச்சு. சின்னப்பன்.”

ஏகநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிலா எங்கே போயிற்று?

“சார் செய்யுள் நடத்துறாரு.
கரண்ட் இல்லை.
ஃபேனும் தூங்குது.”

வேதசிரோமணி சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி மேஜையில் விழுந்தது. ஒன்பதையும் படித்து முடித்தவர், சின்னப்பனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“சார் வூட்டு அம்மாதான் சொன்னாங்க. எது உன்னைப் பேஜார் பண்ணுதோ, அதை மூணு வரியில எழுதுன்னாங்க.”

பத்தாவது பக்கத்தில் பொன்னுரங்கத்தின் பெயரில் நிலா மட்டும் பத்திரமாக இருந்தது. வேதசிரோமணி அதைப் படித்து உதட்டைப் பிதுக்கினார்.

“இந்தப் பையனுக்கு மட்டும் இன்னும் வரலை, ஏகநாதன். தினம் சாயங்காலம் உங்க வீட்டம்மாகிட்ட அனுப்பி வையுங்க.”

சாயங்காலம் ஏகநாதன் வீட்டில் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். தையல்நாயகி கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“எழுதினவர்தானே வரணும்? உட்காருங்க. இன்னைக்கு உங்களுக்கு யார் மேல கோபம்? மூணே வரி.”

கோபம் முப்பது வரிக்கு இருந்தது. ஆனால் திருத்தப்போகிறவள் அவளாயிற்றே. பேனாவில் மை இல்லை என்றார்.

அவள் பென்சிலைச் சீவிக் கொடுத்தாள்.