பெருமாளுக்கு வந்த பார்சல்

புது மாப்பிள்ளையை யாரும் திட்டுவதில்லை. என்ன கூத்தடித்தாலும் "பரவாயில்ல தம்பி, சாப்பிடுங்க" என்பார்கள். இது பெரிய சலுகை என்று கல்யாணமான புதிதில் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பமே சேர்ந்து நம்மைத் திட்டாமல் இருப்பதைவிட, நாலு பேர் கூடி உதைப்பது எவ்வளவோ மேல் என்பது என் தலைத் தீபாவளியன்றுதான் புரிந்தது.

அப்போது நான் நுவரெலியாவில் ஒரு போன் கடையில் இருந்தேன். உடைந்த கண்ணாடி மாற்றுவது, கவர் விற்பது, "பேரன் அனுப்புன படம் காணாமப் போச்சு" என்று வருகிறவர்களுக்குத் தேடிக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் என் சித்தப்பா, "பையன் கம்ப்யூட்டர் லைன்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டார். நான் மறுக்கவில்லை. (மறுத்திருந்தால் கோமதி கிடைத்திருக்க மாட்டாள்.)

கோமதியின் வீடு நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசன் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் வீடுகளில் ஒன்று. தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தோம். மாமியார் சரஸ்வதி, கோழிக்கறியைப் பரிமாறிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார்:

"அடுத்த ஞாயிறு எல்லாரும் ஹட்டனுக்குப் போறோம் தம்பி. தீவாளிக்குத் துணி எடுக்கணும்."

இங்கே நான் "சரிங்கத்தை" என்று சொல்லி, கோழியைக் கடித்திருக்க வேண்டும். அந்த ஹட்டன் பயணம் என்பது மாமியாருக்குப் பாதித் தீபாவளி என்பது எனக்குத் தெரியாது. கடை கடையாக ஏறி இறங்கி, கடைக்காரரை ஒரு மலை உயரத்துக்குச் சேலைகளைப் பிரிக்க வைத்து, "பொறகு வாறோம்" என்று வெளியேறி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வந்து, அங்கே முதலில் பார்த்ததையே எடுத்து, பிறகு ஹோட்டலில் தோசை சாப்பிட்டுவிட்டு வருவார். வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்கிறவருக்கு அந்த ஒரு நாள்தான் மற்றவர்களை வேலை வாங்கும் நாள்.

நான் எலும்பைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கத்தை அந்த நெரிசல்ல? போன்லயே வாங்கிரலாம். வீட்டு வாசலுக்கே வந்துரும். இந்தத் தடவை எல்லாருக்கும் என் செலவு" என்றேன்.

வீடு அமைதியானது. அதை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறினால் வரும். ஆகவே என் தலைமையில் குடும்பம் பாறையேறியது. தூறல் வேறு. முன்னால் நான், பின்னால் குடையுடன் மாமனார் பெருமாள், அதற்குப் பின்னால் கோமதி, அவள் அம்மா. கம்ப்யூட்டர் மாப்பிள்ளை கடை விரிக்கிறார் என்று கேள்விப்பட்டு, லயத்திலிருந்து இன்னும் நாலைந்து குடும்பங்கள் ஏறி வந்தன. காலில் அட்டை ஏறுவதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

மாமியாருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. "தொட்டுப் பாக்காம எப்படி தம்பி எடுக்கிறது?"

"தொடுங்கத்தை, தாராளமா" என்று போனை நீட்டினேன். அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியைத் தேய்ப்பது போலவே திரையைத் தேய்த்தார். சேலை சறுக்கிக்கொண்டு ஓடி, அந்த இடத்தில் ஒரு பிரஷர் குக்கர் வந்து நின்றது. சேலையை மீட்டுக் கொண்டுவந்தேன். மறுபடி தேய்த்தார். ஆண்களின் உள்ளாடைகள் வந்தன. மாமனார் வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்த்தார்.

ஒருவழியாக மாமியாருக்குப் பச்சைக் கரை போட்ட மாம்பழ நிறச் சேலை, கோமதிக்குக் கத்தரிப்பூ நிறச் சேலை, மாமனாருக்கு ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை என்று முடிவானது. படங்களை ஒவ்வொருவரிடமும் பெரிதாக்கிக் காட்டினேன். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தேன். (மேல் டிவிசனில் அந்தச் சேலையைத் தெரியாதவர் அன்றிலிருந்து ஒருவரும் இல்லை. இது பிற்பாடு எனக்குப் பெரும் உதவியாக இருந்தது.)

அடுத்தது விலாசம். ஆப் தெருப்பெயர் கேட்டது.

"தெருவா? நமக்கேது மாப்ள தெரு? லயந்தான்" என்றார் மாமனார்.

"கோயில் பாறைக்குக் கீழே" என்று போட்டுப் பார்த்தேன். ஒப்புக்கொள்ளவில்லை. மேப்பில் வீட்டைக் குறிக்கலாம் என்று அமுக்கினேன். புள்ளி போய் நீர்த்தேக்கத்தின் நடுவே குத்திக்கொண்டது.

மாமனார் எட்டிப் பார்த்தார். "நம்ம வீடு தண்ணிக்குள்ளயா இருக்கு?"

"இல்ல மாமா, கிட்டத்தட்ட காட்டுது."

"இங்க கடுதாசியே ஒழுங்கா வந்து சேராது, மாப்ள."

"அது தபால் மாமா. இது ஆப்" என்றேன். எவ்வளவு நிதானமாக, எவ்வளவு கருணையோடு சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. 'பெருமாள்' என்று மாமனாரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் என் நம்பரையும் போட்டு, என் கார்டில் காசும் கட்டி, வேலையை முடித்தேன். பாறையில் சிலர் கைதட்டினார்கள்.

தீபாவளிக்கு முந்தின நாள் நான் நுவரெலியாவிலிருந்து புறப்பட்டேன். கோமதி முன்னமே அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். போன் பையிலும் நான் தூக்கத்திலுமாகப் பயணம் செய்தோம். நோர்வூட்டில் இறங்கிப் பார்த்தால், தெரியாத நம்பரிலிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். அதற்குக் கீழே ஆப்பிலிருந்து ஒரு செய்தி: 'ஒப்படைக்கப்பட்டது'. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மாலை மரியாதைக்குத் தயாராக லயத்து வாசலில் போய் நின்றேன்.

"வாங்க தம்பி" என்று மாமியார் என் பையை ஆவலோடு வாங்கி, அதன் கனத்தைப் பார்த்தார். "பார்சலை நீங்களே எடுத்துட்டு வந்துட்டீங்களா?"

"பார்சலா? அது இங்க வந்திருச்சே!"

"இங்க ஒண்ணும் வரலியே."

'ஒப்படைக்கப்பட்டது' என்பதைக் காட்டினேன். மாமியார் போனை வாங்கி முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

பாறைக்கு ஓடினேன். அந்த நம்பரை எடுத்தவர் ஒரு சிங்கள இளைஞர். பாவம், 'ஐயா' என்பதற்கு மட்டும் 'மாத்தயா' போட்டு, எனக்காகத் தமிழில் பேசினார். "மாத்தயா, போன் எடுத்துச்சு, எடுத்துச்சு, நீங்க பேசல்ல. பொறகு தோட்டம் போயாச்சு. பெருமாள் எங்க கேட்டாச்சு. பெருமாள் குடுத்தாச்சு!"

"எந்தப் பெருமாள்?"

"நல்ல பெருமாள் மாத்தயா. டீயும் குடுத்துச்சு" என்றார். அத்தோடு சிக்னல் போய்விட்டது.

மாமனார் அந்தத் தோட்டத்துப் பெருமாள்களை விரல் மடக்கி எண்ணத் தொடங்கி, அடுத்த கைக்குப் போனபோது நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் கடைசி பஸ்ஸும் போயிருந்தது. இனி ஹட்டனுமில்லை, துணியுமில்லை.

"பரவாயில்ல தம்பி, சாப்பிடுங்க" என்றார் மாமியார்.

விடிந்தது தலைத் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால், மாமியார் ஒரு தட்டில் பட்டுக்கரை வேட்டியும் புதுச் சட்டையும் நீட்டுகிறார். மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டியதை மட்டும் மாமனார் ஆப்பை நம்பாமல் நோர்வூட்டில் வாங்கி வைத்திருக்கிறார்! வேண்டாமென்றால் அது அவமரியாதை. ஆக, போன வருஷத்துச் சேலையில் மாமியார், கல்யாணத்துக்கு முந்திய காலத்துச் சேலையில் கோமதி, காலர் நைந்த சட்டையில் மாமனார், நடுவே மடமடக்கும் புது வேட்டியில் நான். கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் வேட்டி சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. பார்க்கிறவர்களுக்கு, ஒரு குடும்பத்தைக் கொள்ளையடித்தவன் அவர்களையே துணைக்குக் கூட்டிக்கொண்டு போவது போல இருந்திருக்கும்.

கோயில் வாசலில்தான் அந்தச் சேலையைப் பார்த்தேன். மாம்பழ நிறம், பச்சைக் கரை. அதற்குள் ஓர் அம்மா. பக்கத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பெண். அவர்களுக்கு முன்னால், நீலக் கட்டச் சட்டையைத் தன் தொப்பையின் மேல் இழுத்துப் பூட்டிக்கொண்டு, கம்பீரமாக ஒரு மனிதர். கீழ் டிவிசன் பெருமாள்.

மேல் டிவிசன் முழுவதும் முதலில் அவர்களைப் பார்த்தது. பிறகு ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

"ஏய், அது நம்ம சரசுவுக்கு எடுத்த சீலதானே?" என்று யாரோ சத்தமாகவே கேட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மாமியார் முன்னால் மானத்தை மீட்க இதுதான் நேரம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னேறினேன். ஆனால் எனக்கு முன்னால் அந்தப் பெருமாளே என்னிடம் வந்துவிட்டார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்கதானே மேல் டிவிசன் மாப்பிள்ளை? போனெல்லாம் நல்லாத் தெரியுமாமே. ஒரு ஒதவி செய்யணும். எம்மகன் யோகேசு கொழும்புல இருக்கான். எங்கூடச் சண்ட போட்டுக்கிட்டுப் போனவன், ஒரு போன் கூட இல்ல. நம்பரையும் மாத்திட்டான். இப்பப் பாருங்க..." சட்டையைத் தடவினார். "நேத்துப் பார்சல் வந்துச்சு. எல்லாருக்கும் துணி. அனுப்புனது யாருன்னு பேர் போடல, ரோசக்காரன். ஆனா எனக்குத் தெரியாதா? சட்டை கொஞ்சம் இறுக்கந்தான். எங்களப் பாத்து ரொம்ப நாளாச்சுல்ல, அளவ மறந்துட்டான்."

மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டேன்.

"அவனப் புடிச்சுக் குடுங்க தம்பி. ஒரு வார்த்த பேசணும்."

அப்போது எனக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "சீல நல்லா எடுப்பா இருக்கு மதினி. ஒங்க நெறத்துக்குன்னே எடுத்த மாதிரி." சொல்லிவிட்டு மேல் டிவிசனை ஒரு பார்வை பார்த்தார். மேல் டிவிசன் அவசரமாகச் சாமி கும்பிடத் தொடங்கியது.

"அண்ணே, சிக்னல் பாறையிலதான் வரும். தம்பி மொதல்ல ஏறிப் பாக்கட்டும். நீங்க பிரசாதம் வாங்கிட்டு மெதுவா வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பையன்கிட்டச் சொல்லிருங்க தம்பி, அவந்தான் துணி அனுப்புனான்னு."

புது வேட்டியோடு பாறையேறினேன். யோகேசைத் தேடுவது கஷ்டமாக இல்லை. முகநூலில், தன்னுடையதல்லாத ஒரு காரின் மேல் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடியோடு நின்றிருந்தான். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றாமல் வைத்திருந்தான். அதிலேயே அழைத்தேன். எடுத்தான்.

"யோகேஸ், ஒங்க தோட்டத்துல இருந்து பேசுறேன். நீங்க அனுப்புன துணியெல்லாம் கெடைச்சிருச்சு."

"நா ஒண்ணும் அனுப்பலியே."

"அனுப்பிட்டீங்க. அம்மாவுக்கு மாம்பழக் கலர், பச்சைக் கரை. தங்கச்சிக்குக் கத்தரிப்பூக் கலர். அப்பாவுக்கு நீலக் கட்டம். மனசுல வச்சுக்கங்க."

"நீங்க யாருங்க? கம்பெனியா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்" என்று நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"அப்பா போட்டிருக்காரா?"

"போட்டுட்டுக் கோயிலுக்கே வந்துட்டாரு."

"அவருக்கு அளவு சரியா இருக்கா?"

"ரெண்டாவது பட்டன் எப்ப வேணும்னாலும் போயிரும்."

அவன் சிரித்தானா, மூக்கை உறிஞ்சினானா என்று அந்தச் சிக்னலில் சொல்ல முடியவில்லை. அதற்குள் கீழ் டிவிசன் பெருமாள் மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டார். போனை அவர் கையில் கொடுத்து ஒதுங்கினேன். போன் இல்லாமலே கொழும்புக்குக் கேட்கும்படி கத்தினார்: "சட்டை நல்லாருக்குடா! துணியப் பாத்து எடுக்க எங்கடா படிச்ச? ...ஆ? ...சரி, சரி. நீ சாப்டியா?" போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ரெண்டாவது பட்டன் அப்போதுதான் தெறித்தது.

அன்று மத்தியானம் இலையில் எனக்கு மட்டும் இரண்டு மடங்கு கறி விழுந்தது. மாமனார் மட்டும் சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போகும்போது, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "அந்தச் சட்டை எனக்குக் கச்சிதமா இருந்திருக்கும்." கோமதி அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது.

யோகேஸ் தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தான். இந்த முறை நிஜமாகவே எல்லோருக்கும் துணி வாங்கி வந்தான். பெருமாள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தீவாளிக்கு எடுத்தது மாதிரி வராதுடா. அப்ப ஒனக்கு நல்ல ரசனை இருந்துச்சு" என்றாராம். பாவம், அவன் என்ன சொல்வான்? கீழ் டிவிசனுக்கு விஷயம் இன்றுவரை தெரியாது. (அங்கே யாரும் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.) மேல் டிவிசனில் மட்டும் எனக்கு டெலிவரி மாப்பிள்ளை என்று பெயர் நிலைத்துவிட்டது. என் மகளைக்கூட 'டெலிவரி மாப்ள மக' என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள்.

இப்போதெல்லாம் தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஹட்டனுக்குத்தான் போகிறோம். பை தூக்குவது என் பொறுப்பு. போன வருஷம் ஒரு கடையில் மாமியார் சேலை மலையை உருவாக்கிவிட்டு எழுந்தபோது, களைத்துப்போன கடைக்காரர் கெஞ்சும் குரலில், "ஏம்மா இவ்வளவு தூரம் அலையிறீங்க? அடுத்த தடவை போன்லயே படம் அனுப்புறேன், அங்க இருந்தே ஆர்டர் பண்ணிருங்க. இந்தத் தம்பியப் பாத்தா வெவரமானவரா தெரியுது" என்றார்.

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அதே மரியாதை, கொஞ்சமும் குறையவில்லை.

"எங்க மாப்ள ரொம்ப வெவரந்தான்" என்றார். "அவரு போன்ல ஆர்டர் பண்ணுனா அடுத்த வீட்டுலயும் தீவாளிதான். எங்க வீட்டுலதான் இருக்காது."