மஞ்சள் சட்டைக்கு மேல் ஒரு மழைக்கோட்டு

சைக்கிள் பந்தயத்தில் மொத்தக் கணக்கில் முதலில் நிற்பவருக்கு மஞ்சள் சட்டை உண்டு. அந்தச் சட்டைக்குச் செய்ய வேண்டிய மரியாதைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுதி வைத்திருந்தால் எல்லோரும் மறந்திருப்பார்கள். எழுதாததால் எல்லோருக்கும் மனப்பாடம். மஞ்சள் சட்டைக்காரர் ஒன்றுக்குப் போக இறங்கினால் நூற்றைம்பது பேரும் வேகத்தைக் குறைத்து அடக்க ஒடுக்கமாக ஓட்ட வேண்டும். அவர் விழுந்தால் காத்திருக்க வேண்டும். வேறு எவனாவது விழுந்தால்? எழுந்துகொள்ள வேண்டியது அவன் பொறுப்பு.

குல்வென் பன்னிரண்டு வருஷமாகத் தன் அணித் தலைவனுக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்தவன். டி.வி.யில் அவன் முதுகைத் தவிர வேறெதையும் யாரும் பார்த்ததில்லை. "என் புருஷன் முதுகு எனக்கு நல்லாவே தெரியும். மூஞ்சியையும் ஒரு நாள் காட்டச் சொல்லுங்களேன்" என்று சொந்த ஊரான கெர்லானில் கலெத் என்கிற தோசை வார்த்துப் போடும் அவன் மனைவி அசெனோர், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பந்தயத்தின் மூன்றாம் நாள் அந்த வாய்ப்பு வந்தது. மஞ்சள் சட்டையில் இருந்த இத்தாலிக்காரன் ப்ரெஸ்ஸான், கடைசி வளைவில் ஒரு நாய்க்கு வழிவிட்டு வேலியில் போய் விழுந்தான். குல்வென் அப்போது ஏதோ நினைப்பில் முன்னால் போய்க்கொண்டிருந்தான். முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் சொன்னார்கள்: நான்கு விநாடி வித்தியாசத்தில் சட்டை அவனுக்கு. மறுநாள் பந்தயம் போகிற வழியோ கெர்லான்! அசெனோரின் கடை வாசல் வழியாக மஞ்சளில் ஒரு தடவை போய்விட வேண்டும். அதற்குமேல் அவனுக்கு ஒரு ஆசையும் இல்லை.

காலையில் தலைமை நடுவர் மொஸ்யே பிராடெல் கூப்பிட்டனுப்பினார்.

"விழுந்தவரிடமிருந்து வந்த சட்டையை மறுநாளே போடுவது மரியாதைக் குறைவு."

"சரிங்கய்யா, போடல."

"போடாமல் இருக்க முடியாது. சட்டையில் மெத்தைக் கம்பெனி பேர் இருக்கிறது. போடுவது கட்டாயம்."

"அப்ப போட்டுக்கிறேன்."

"அதுதான் மரியாதைக் குறைவு என்கிறேனே!"

விஷயம் தீவிரப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டு காப்பிக்குப் பிறகு உத்தரவு வந்தது: மேற்படி நபர் மஞ்சள் சட்டையை அணிய வேண்டியது, அணிந்த சட்டையை மழைக்கோட்டால் மறைக்க வேண்டியது. ஜூலை மாதம். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

கோட்டுக்குள் வெந்துகொண்டே குல்வென் கிளம்பினான். பத்தாவது கிலோமீட்டரில் ஒருத்தன் டயர் வெடித்துப் பள்ளத்தோரம் நின்று கையை ஆட்டினான். வீபே. மொத்தக் கணக்கில் கடைசி ஆள்.

"அண்ணே! எங்க டீம் காரை வரச் சொல்லுங்கண்ணே!"

குல்வென் நேராகப் பார்த்துக்கொண்டு போனான். நேற்று வரை அவன் இப்படிப்பட்டவன் இல்லை. நேற்று வரை அவனிடம் சட்டையும் இல்லை.

சொந்த ஊர் வந்தால் ஊர்க்காரன் முன்னால் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளை முத்தமிட்டுவிட்டு வரலாம் என்பதும் மரபு. ப்ரெஸ்ஸானிடம் ஒரு வார்த்தை கேட்டான்.

"தாராளமாப் போங்கண்ணே. மரபாச்சே!"

கடை வாசலில் இறங்கியவனை அசெனோர் ஏற இறங்கப் பார்த்தாள்.

"மஞ்சள் சட்டைன்னாங்க? மீன் பிடிக்கப் போறவனாட்டம் வந்து நிக்கிற!"

"உள்ள இருக்குடி."

"உள்ள இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்? கழட்டுய்யா அதை!"

அவன் கழற்றுவதற்குள் மொத்தக் கூட்டமும் வந்து சேர்ந்தது. மஞ்சள் சட்டை நிற்கிறது, தாண்டிப் போகலாமா? கூடாது. நூற்றைம்பது பேரும் பிரேக் பிடித்தார்கள்.

"ஐயய்யோ, நீங்கல்லாம் போங்கப்பா!" என்றான் குல்வென்.

"உங்களை விட்டுட்டா? நீங்க முன்னால போங்கண்ணே" என்றான் ப்ரெஸ்ஸான்.

பிராடெல் காரை விட்டு இறங்கி ஓடி வந்தார். "நேற்று விழுந்து நஷ்டப்பட்டவர் ப்ரெஸ்ஸான். அவர் முதலில் கிளம்புவதே மரியாதை."

"மஞ்சளை முந்திக்கிட்டு நானா? ஊர் உலகம் காறித் துப்பும்!"

"நீ போ தம்பி."

"நீங்க போங்கண்ணே."

அசெனோர் அடுப்பைப் பெரிதாக்கினாள். ஒரு மணி நேரம் போனது. ஆளுக்கு ரெண்டு கலெத் உள்ளே போனது. மரியாதை மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை.

அப்போது தனியாக ஒரு சைக்கிள் வந்தது. தன் கையாலேயே டயரை மாற்றிக்கொண்டு, கிரீஸ் அப்பிய முகத்தோடு வீபே. வாயில் கலெத்தோடு நின்ற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தான், போய்க்கொண்டே இருந்தான்.

"டேய், பிடிங்கடா அவனை!" என்று யாரோ கத்தினார்கள்.

யார் முதலில் கிளம்பிப் பிடிப்பது? அதற்கு இன்னும் அரை மணி பிடித்தது.

பிராடெல் கடிகாரத்தைப் பார்த்து, வீபே எவ்வளவு முந்தியிருப்பான் என்று கணக்குப் போட்டார். "குல்வென், இனி கோட்டைக் கழற்றலாம். சட்டை கிட்டத்தட்ட உம்முடையது இல்லை. ஆகவே மரியாதைக் குறைவும் இல்லை."

குல்வென் கழற்றினான். ஊரே கைதட்டியது. அசெனோருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவன் கிளம்பியபோது மற்ற எல்லோரும் போய் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

கெடு நேரம் தாண்டி வந்தவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினால் பந்தயத்தில் வீபே ஒருத்தன்தான் மிஞ்சுவான். எனவே அனைவரும் பெருந்தன்மையுடன் மன்னிக்கப்பட்டார்கள். மஞ்சள் சட்டை வீபேக்கு. மொத்தக் கணக்கில் கடைசி இடம் குல்வெனுக்கு.

ஐந்தாம் நாள் வீபே ஒன்றுக்குப் போக இறங்கினான். நூற்றைம்பது பேரும் வேகத்தைக் குறைத்து அடக்க ஒடுக்கமாக ஓட்டினார்கள். கொஞ்ச தூரத்தில் குல்வெனின் டயர் வெடித்தது.

"வீபே! தம்பி! எங்க காரை வரச் சொல்லுப்பா!"

வீபே நேராகப் பார்த்துக்கொண்டு போனான்.

கெர்லானில் கடை நிறையக் கூட்டம். சுவரில் மஞ்சள் சட்டையோடு குல்வெனின் படம், மாலை போடாத குறை. டி.வி.யில் எவனோ நடு ரோட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது.

கலெத்தைத் திருப்பிப் போட்டபடி அசெனோர் கத்தினாள்: "யாருய்யா அது குறுக்க? தள்ளி நில்லு, மஞ்சள் சட்டையை மறைக்குது!"